எரியாத புண்

அத்தியாயம் 11

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் மூன்று முறை அலறியது.

சந்திரமோகனின் மோவாயில் காவி தொட்டு எழுதிக்கொண்டிருந்த மாரப்பனின் கை ஒரு துள்ளு துள்ளியது. உதட்டோரம் நின்றிருந்த கோழி இறகு, காது வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டது.

வந்தவள் நர்ஸ் தேன்மொழி. சுற்றியுள்ள ஏழு ஊர்க் கர்ப்பிணிகளையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தவள், பாயில் உட்கார்ந்திருந்த சந்திரமோகனின் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“என்னாங்க இது?”

“அக்கிங்க நர்ஸம்மா” என்றாள் அவன் அம்மா முனியம்மாள், கையைத் துடைத்துக்கொண்டே. “வடக்க போயி நாலரை மாசம் சூட்டுலயே கெடந்துட்டு வந்தானா, வாயோரம் வந்துருச்சு. நெலப்படியத் தாண்டாதீங்க. எழுதறப்ப வெளியாளு உள்ள வரக் கூடாது.”

அது அக்கி இல்லை என்பது அந்த வீட்டில் ஒருவனுக்குத் தெரியும். அந்த ஒருவன் முகத்தைக் காட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.

சந்திரமோகனுக்கு ராய்ப்பூர்ப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை. மழை பிடித்ததும் வண்டி ஊர் திரும்பியது. அவன் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்தாறு நாள். பத்து நாளுக்கு முன்னால், முகம் மழிக்கும்போது கீழுதட்டின் ஓரத்தில் அந்தப் புண் விரலுக்குத் தட்டுப்பட்டது. பாதிப் பட்டாணியைப் பதித்து வைத்தது போல ஓரம் தடித்திருந்தது. நடுவில் சிவந்து ஈரமாக இருந்தது. அழுத்திப் பார்த்தான். வலி இல்லை. உப்புத் தண்ணீரால் கொப்பளித்தான். எரிச்சலும் இல்லை.

வலி இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

செல்போனில் தேடினான். வந்த படங்களில் நாலாவது படம், அவன் உதட்டையே எடுத்துப் போட்டது மாதிரி இருந்தது. அதன் கீழே இருந்த வரிகளைப் பாதி படித்துவிட்டு, தேடிய தடத்தையெல்லாம் அழித்தான். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் தோளில் துண்டு, வாயோரத்தில் துண்டின் நுனி. தனி டம்ளர், தனித் தட்டு. கேட்டால் சளி என்றான்.

நேற்றுத்தான் அம்மாவிடம் மாட்டிக்கொண்டான். மிளகு ரசத்தை ஊற்றியவள் அவன் உதட்டைக் குனிந்து பார்த்துவிட்டாள். எரியுதாடா என்று கேட்டாள். எரியுது என்றான். எரியும் புண் என்றால் அவளுக்கு அது அக்கி. அக்கி என்றால் மண்பானை செய்யும் மாரப்பன் வந்து மூன்று நாள் விடியலில் செங்காவி எழுத வேண்டும். காவியைக் கழுவக் கூடாது. வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி ஒரே பாயில் படுக்கக் கூடாது.

கடைசி விதியைக் கேட்டபோதுதான் சந்திரமோகன் தலையாட்டினான். மூன்று நாள் கிடைக்கும். மூன்று நாளில் ஏதாவது யோசிக்கலாம்.

நர்ஸ் தேன்மொழிக்கு அவன் யோசனைகள் தெரியாது. படிக்கு வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். இன்று செவ்வாய், கர்ப்பிணிகள் வரும் நாள். அவன் மனைவி கலைமதி மட்டும் வந்தால் போதாது. சந்திரமோகனும் பதினோரு மணிக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். அவனுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

“அவனுக்கு என்னாத்துக்கு ரத்தம்?” என்றாள் முனியம்மாள். “புள்ள அவ வயித்துலதான இருக்குது?”

“பாதி இவரோடதுதானுங்களே.”

மாரப்பன் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று முனியம்மாளைப் பார்த்தான்.

முனியம்மாள் விடவில்லை. காவி பூசிய முகத்தோடு படி தாண்டினால் அக்கி உடம்பெல்லாம் இறங்கிவிடும், அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றாள். பதினைந்து நாளாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள் நர்ஸ். சொல்லும்போது அவள் கண் முனியம்மாள் மேல் இல்லை. அடுப்படி வாசலில் நின்ற கலைமதி மேல் இருந்தது.

கலைமதிக்கு ஆறாவது மாதம். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பென்னாகரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றவள். எந்தப் பேச்சுக்கும் கையோடு பதில் வைத்திருப்பவள். இப்போது மட்டும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“நாங்க வர்றோங்க நர்ஸம்மா” என்றாள் கடைசியில். “காவியோடயே கூட்டிட்டு வர்றேன்.”

ஸ்கூட்டர் போய்விட்டது. மாரப்பன் காவிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றினான். காது வரை போன அந்தக் கோட்டை மட்டும் அழிக்காமல் விட்டான். எழுதியதை அழிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

சந்திரமோகன் அவனை வழியனுப்ப வேலிப்படல் வரை போனான். அங்கே மாரப்பன் நின்றான். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான்.

“மோகனு, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். இறகு நேரா புண்ணு மேலயே பட்டுது. நாலு வாட்டி. அக்கி வந்தவன் ஒரு வாட்டி பட்டாலே உக்காந்த எடத்துல துள்ளுவான். நீ கண்ணு கூடச் சிமிட்டல.”

சந்திரமோகன் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தான்.

“எரியாத புண்ணுக்கு நான் எழுதறதில்ல. எங்கப்பனும் எழுதுனதில்ல. நாளைக்கு வர மாட்டேன்.”

“அம்மா கேட்டா?”

“கேட்டா இதத்தான் சொல்லுவேன். வேற என்னாத்தச் சொல்றது?”

அவன் போய்விட்டான். சந்திரமோகன் படலைப் பிடித்தபடி நின்றான்.

மூன்று நாள் என்று நினைத்திருந்தான். இப்போது ஒரு நாள்தான். நாளை விடியலில் மாரப்பன் வராவிட்டால் அம்மா அவன் வீட்டுக்கே போய்விடுவாள். எரியாத புண் என்று அவன் சொல்வான். அம்மா அதைத் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் கேட்பாள். அந்த நாலு பேரில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கும்.

ஆனால் ஊரை விடவும் அவனை அரித்தது வேறு. வீட்டுக்கு வந்த முதல் வாரம் முழுக்க அவன் கலைமதியின் பாயில்தான் படுத்தான். அன்று உதட்டில் புண் இல்லை. ஆனால் ரத்தத்தில் இருந்திருக்குமே. செல்போனில் பாதி படித்து மூடிய அந்த வரிகளில் கடைசியாகக் கண்ணில் பட்டது, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றித்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், போட்ட துளையில் சுத்தியல் சிக்கி வண்டி நாலு நாள் நின்றுவிட்டது. மழை. வேலை இல்லை. கூட வேலை பார்த்த அர்ச்சுனன் ஓர் இடம் தெரியும் என்றான். அவ்வளவுதான். முந்தாநாள் அர்ச்சுனனுக்குப் போன் போட்டுக் கேட்டான். தனக்கு ஒன்றுமே இல்லை, அது சூட்டுப் புண், ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு விடியலில் சாப்பிடு என்று அவன் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணையில் சொன்னான்.

இரண்டு நாளாக வெந்தயம் சாப்பிடுகிறான். புண் அப்படியே இருக்கிறது.

ஒன்பதரைக்கு பைக்கை எடுத்தான். கலைமதி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கையிலிருந்த மஞ்சள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். முனியம்மாள் வாசல் வரை வந்து, தண்ணி படாம கொண்டாந்து சேர்த்துடு என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மகனை ஒரு பானை மாதிரி ஒப்படைத்தாள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வேகத்தடை. பைக் மெதுவானதும் பெஞ்சில் இருந்த கோவிந்தன் எழுந்தே நின்றுவிட்டான்.

“என்னா மாப்ள, பட்டப்பகல்ல வேஷம் கட்டிட்ட? எந்த ஊர்ல கூத்து?”

சந்திரமோகனுக்கு முன்னால் கலைமதி பதில் சொன்னாள்.

“ராஜா வேஷமுங்கண்ணா. கிரீடம் மட்டும் பாக்கி. அதத்தான் வாங்கப் போறோம்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பைக் வேகமெடுத்தது. இவள் சிரிக்கிறாள் என்று சந்திரமோகன் நினைத்தான். இவளுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தான். கலைமதி சிரிக்கவில்லை. சாலையோரத்துச் சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுகாதார நிலையத்தில் முப்பது பெண்களாவது இருந்தார்கள். எடை பார்க்க ஒரு வரிசை, ஊசிக்கு ஒரு வரிசை. ஆண் என்று பார்த்தால் காம்பவுண்டுக்கு வெளியே பைக்குகளின் மேல்தான். உள்ளே வந்தவன் இவன் ஒருவன். அதுவும் முகம் முழுக்கக் காவிக்கோடுகளோடு. ஒரு சின்னப் பெண்குழந்தை பயந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது.

தேன்மொழி அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். ஊசி போடும் அறையின் திரையை இழுத்துவிட்டாள். ஈரப் பஞ்சு இருந்த கிண்ணத்தை நீட்டினாள்.

“தொடச்சுடுங்க.”

“அம்மா கழுவக் கூடாதுன்னு…”

“தெரியுங்க. தொடச்சாத்தான் டாக்டரம்மா பாக்க முடியும்.”

பஞ்சை வாங்கினான். துடைத்துவிட்டால் திரும்ப வரைய முடியாது. வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் பார்ப்பது முகத்தைத்தான். ஏன் கழுவினாய் என்ற கேள்விக்குப் பதில் ஒன்று வேண்டும். அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொன்று. அவன் திரைக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தான். வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த செருப்புகளுக்கு நடுவே கலைமதியின் நீலச் செருப்பு இருந்தது. வீங்கிய பாதங்கள் வாரில் பிதுங்கி நின்றன.

துடைத்தான். பஞ்சு சிவந்தது. இன்னொன்று எடுத்தான். அதுவும் சிவந்தது.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். கையுறை மாட்டிக்கொண்டு உதட்டைப் பிதுக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தாடைக்குக் கீழே விரலால் தடவியபோது ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு கட்டி இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“அழுத்தறேன். வலிக்குதா?”

பத்து நாளில் அவன் சொன்ன முதல் உண்மை இதுதான்.

“இல்லைங்க.”

அவள் கையுறையைக் கழற்றினாள். வாய்ப்புண் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்றும் இருக்காது என்றாள். பல் கடித்திருக்கும், சத்துக் குறைவு இருக்கும், ஏதாவது மாத்திரை ஒத்துக்கொண்டிருக்காது. சிறிதாக இருக்கும், நன்றாக எரியும், பத்து நாளில் போய்விடும். ஆனால் இது கெட்டியாக இருக்கிறது, வலிக்கவும் இல்லை. கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ரத்தம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாமலும் போகலாம். அதனால் ரிசல்ட் எப்படி வந்தாலும் தர்மபுரி போய்ப் பால்வினை நோய்ப் பிரிவில் காட்ட வேண்டும் என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். சர்க்கரை, பிரஷர் என்று சொல்வது போல.

“உங்க சம்சாரத்தத் தவிர வேற யாராவது?”

“ஒரே ஒரு தடவைங்க” என்றான். திரைக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பச் சொன்னான்.

டாக்டரம்மா தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி ஊசித் தட்டை அடுக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த தட்டு.

“மேடம், என் புள்ளைக்கு…”

“மருந்து இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சு ஊசி போட்டா பெரும்பாலும் குழந்தையக் காப்பாத்திடலாம். ஒளிச்சு வெச்சாத்தான் ஆபத்து.”

“நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க மேடம். என்னால முடியாதுங்க.”

“ஒருத்தர் விஷயத்த இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்றதில்ல. யாரோடதா இருந்தாலும். நீங்கதான் பேசணும்.”

விரல் நுனியில் குத்தி ஒரு பட்டையில் ரத்தம் எடுத்தார்கள். இருபது நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

காம்பவுண்டின் கோடியில் புங்க மரம். அதன் கீழே சிமெண்ட் பெஞ்சில் கலைமதி உட்கார்ந்திருந்தாள். அவனுடைய வெறும் முகத்தைப் பார்த்தாள். ஏன் கழுவினாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வாயில் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து கலைமதியின் செல்போன் அடித்தது. அத்தை என்று திரையில் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே முனியம்மாளின் குரல் கேட்டது. காவி அப்படியே இருக்கிறதா, வேர்வையில் கரையவில்லையே, மாரப்பனுக்கு நாளைக்குக் கேழ்வரகு ஒரு படி கொடுக்கலாமா, கோழி கொடுக்கலாமா.

“அப்படியேதான் இருக்குதுங்கத்த” என்றாள் கலைமதி, வெறும் முகத்தைப் பார்த்துக்கொண்டே. “கேவுறு போதும்.”

போனை ஃபைலின் மேல் வைத்தாள்.

சந்திரமோகன் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான். திறந்தான். உள்ளே ஒரு பட்டையில் அவன் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. இருபதில் எட்டு நிமிடம் போயிருந்தது.

“கலை. இது அக்கி இல்ல.”

“ம்.”

“எனக்கு எரியவே இல்ல. அம்மாகிட்டப் பொய் சொன்னேன். உன்கிட்டயும்தான்.”

அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வண்டி நின்ற நாலு நாளை, மழையை, அர்ச்சுனனை, போன இடத்தை. அவள் குறுக்கே பேசாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னான். செல்போனில் பார்த்த படம் வரைக்கும் சொன்னான்.

“வந்த வாரம் உன்கூட இருந்தேனே, அப்பவே உனக்கும் கொடுத்திருப்பேன். புள்ளைக்கும். எனக்கு என்னா ஆனாலும் பரவால்ல கலை. நீ இப்பவே உள்ள போயி ரத்தம் குடு. திட்டறதா இருந்தா அப்பறம் திட்டு.”

கலைமதி அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. ஃபைலின் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

“நீங்க அங்க போனது எப்ப?”

“சொன்னேனே. ஊருக்கு வர்றதுக்கு முந்தின வாரம்.”

“அதுக்கு முன்னால எப்பவாவது? கல்யாணத்துக்கு முன்னால? எதா இருந்தாலும் சொல்லுங்க. நான் சண்டைக்குக் கேக்கல.”

“இல்ல. சத்தியமா இல்ல. அந்த ஒரு தடவைதான்.”

“நெசமாவா?”

“புள்ள மேல சத்தியம்.”

அவன் அதைச் சொன்ன மாத்திரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் பதிலில் அவளுக்கு நிம்மதி வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். வந்தது நிம்மதி இல்லை. பிடித்திருந்த கடைசிக் கயிறும் கையை விட்டு நழுவியது போல அவள் தோள் இரண்டும் தொய்ந்தன.

உள்ளிருந்து தேன்மொழி வராந்தாவுக்கு வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழுந்தான். கலைமதி அவன் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

“நான் ரத்தம் குடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். “இதே நோவுக்கு, நீங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு மூணு ஊசியும் போட்டு முடிச்சுட்டாங்க.”